பாப் என்றால் பொரி!

"அம்மா, 'பாப்'னா என்ன?"

எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் நோட்டும் பேனாவுமாக அடுப்படி வாசலில் வந்து நின்றாள். ஒரு ஆங்கிலச் சொல்லைக் கொடுத்து, அதற்கு எத்தனை அர்த்தம் உண்டோ அத்தனையும் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்களாம் பள்ளிக்கூடத்தில். இவள் பங்குக்கு வந்த சொல் 'பாப்'.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். அதற்காக விட்டுக் கொடுக்க முடியுமா? "பாப்கார்ன்" என்றேன். "அது எனக்கே தெரியும்" என்றாள். "பாப் கட்டிங்!" என்றேன். சின்ன வயசில் எங்கம்மா எனக்கு வெட்டிவிட்டதாயிற்றே! "ஐயோ அம்மா, அது வேற பாப்! எழுத்தே வேற!" என்று தலையில் அடித்துக் கொண்டாள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று போலத்தானே இருக்கிறது, நான் என்ன செய்ய?

கூடத்தில் இருந்த மதினிதான் கை கொடுத்தார்கள். மதினி என் கணவரின் அக்கா. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். கல்யாணம் செய்து கொள்ளவில்லை. எங்களோடுதான் இருக்கிறார்கள். அகராதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மருமகளைப் பக்கத்தில் உட்கார்த்தி ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். நானும் முருங்கைக்கீரையை எடுத்துக்கொண்டு போய் அங்கேயே உட்கார்ந்து விட்டேன்.

'பாப்' என்பது முதலில் ஒரு சத்தம்தானாம். நாம் 'டப்' என்றும் 'பட்' என்றும் சொல்கிறோமே, அது மாதிரி. சோளம் வெடித்தால் பாப். பாட்டில் மூடி தெறித்தாலும் பாப். அதனால் அமெரிக்காவில் பல ஊர்களில் சோடா, கலருக்கே பெயர் 'பாப்'தான். நம் கோலி சோடாவை உடைக்கும்போது வருகிற சத்தத்தை நினைத்துப் பாருங்கள், பொருத்தமாக இல்லை? அந்தக் கோலி பாட்டிலே ஒரு இங்கிலாந்துக்காரர் கண்டுபிடித்ததுதான். காட் என்பவர் 1872-ல் காப்புரிமை வாங்கியிருக்கிறார்.

பாப் பாட்டு மட்டும் வேறு வழியில் வந்தது. 'பாப்புலர்' என்பதைச் சுருக்கிக் கொண்டார்கள். எல்லோருக்கும் பிடித்த பாட்டு என்று அர்த்தம். 'பாப்' ஓவியம் என்றும் ஒன்று உண்டாம். ஆண்டி வார்ஹோல் என்ற அமெரிக்க ஓவியர் 1962-ல் கடையில் விற்கிற சூப் டப்பாவை 32 படங்களாக வரைந்து வைத்தார். அது இப்போது நியூயார்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் அடுப்படி அலமாரியை யாராவது வரைய வந்தால் பருப்பு டப்பாவையாவது துடைத்து வைக்கலாம்!

அங்கே சில வீடுகளில் அப்பாவையும் 'பாப்' என்று கூப்பிடுவார்களாம். இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. நமக்குப் பாப்பா என்றால் குழந்தை. வடக்கே பாப்பா என்றால் அப்பா!

அப்புறம் மதினி இரண்டு வழக்குகளைச் சொன்னார்கள். ஒருவன் ஒரு பெண்ணிடம், "என்னைக் கல்யாணம் செய்து கொள்வாயா?" என்று கேட்பதை, 'கேள்வியைப் பாப் பண்ணினான்' என்பார்களாம். யாராவது இறந்து போனால் விளையாட்டாக, 'பாப் ஆகிப் போய்விட்டார்' என்பார்களாம்.

அதைக் கேட்டதும் கீரை ஆய்ந்த கை அப்படியே நின்று விட்டது. கல்யாணத்துக்கும் அதே சொல், சாவுக்கும் அதே சொல். நம் பொரியும் அப்படித்தானே!

யோசித்துப் பாருங்கள் சகோதரிகளே. கோழி அடைகாத்துக் 'குஞ்சு பொரிக்கிறது'. ஹோமம் வளர்க்கும் கல்யாணத்தில் பெண்ணின் சகோதரன் அவள் கையில் பொரியை அள்ளிப் போட, அது தீயில் இடப்படுகிறது. ஆண்டாள் தன் கல்யாணக் கனவில் இந்தப் பொரியையும் மறக்காமல் பாடியிருக்கிறாள். சரஸ்வதி பூஜைக்குப் பொரி கடலை. திருக்கார்த்திகைக்குப் பொரி உருண்டை. கோயில் தெப்பக்குளத்து மீனுக்கும் பொரி. கடைசி யாத்திரையிலும் வழியெல்லாம் பொரி இறைக்கிறார்கள். போதாக்குறைக்கு, மாமியார் கோபித்துக் கொண்டால் 'பொரிந்து தள்ளிட்டாங்க' என்கிறோம்! (சாப்பாட்டுக் கடைப் பலகைகளில் 'பொறியல்' என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் மதினிக்குக் கோபம் வரும். எலிப் பொறிக்குத்தான் அந்த 'றி'. வாழைக்காய்க்கு இந்த 'ரி'.)

இவ்வளவும் மங்களமாகச் சொல்லி விட்டேன். ஆனால் பொரி என்றாலே என் வயிறு ஒரு நிமிஷம் கலங்கத்தான் செய்யும். காரணம் 2009-ம் வருஷத்துத் திருக்கார்த்திகை.

அன்றைக்கு என் மூத்தவனுக்கு ஒரு வயசும் பத்து மாசமும். விளக்கேற்றி முடித்து, நெல்பொரி உருண்டையை எல்லோருக்கும் கொடுத்தேன். அதில் நிலக்கடலையும் தேங்காய்ச் சில்லும் போட்டிருந்தேன். அவன் கையிலும் ஒரு துண்டு. வாசலில் விளக்குகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓடினான். திடீரென்று நின்றான். அழவில்லை, இருமவில்லை, சத்தமே இல்லை. வாயைத் திறந்து திறந்து மூடினான். உதடு நீலமாகிக்கொண்டே வந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினேன். என் மாமியார், "தண்ணியக் குடு, தண்ணியக் குடு!" என்று சொம்போடு ஓடி வந்தார்கள். இரண்டுமே தப்பு என்று அப்போது யாருக்குத் தெரியும்?

"பிள்ளையக் குடு இங்க!" என்று மதினி பறித்துக் கொண்டார்கள். அவர்கள் பள்ளியில் ஜூனியர் ரெட் கிராஸ் பொறுப்பில் இருந்து முதலுதவி கற்றவர்கள். படியில் உட்கார்ந்து, தொடைமேல் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்கும்படி பிடித்துக்கொண்டு, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் ஓங்கித் தட்டினார்கள். ஒன்று... இரண்டு... மூன்று... "ஐயோ, பிள்ளைய அடிக்காதீங்க" என்று நான் கத்தினது இப்போதும் காதில் கேட்கிறது. நாலாவது தட்டில் பாதி நிலக்கடலை தெறித்து விழுந்தது. அடுத்த விநாடி அவன் வீல் என்று அழுதான். குழந்தை அழுவதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டது, அவன் பிறந்த அன்றைக்கும் இந்த அன்றைக்கும்தான்.

உடனே டாக்டரிடம் ஓடினோம். நெஞ்சின் இரண்டு பக்கமும் வைத்துக் கேட்டுவிட்டு, "உள்ளே எதுவும் தங்கலை" என்றார். தங்கியிருந்தால்? மூச்சுக்குழாய் வழியாக நுரையீரல் பக்கம் போய் உட்கார்ந்து விடுமாம். வாரக்கணக்கில் இருமலும் இழுப்புமாக இருக்கும், நாம் சளி என்று நினைத்து மருந்து கொடுத்துக் கொண்டிருப்போம். பிறகு மயக்க மருந்து கொடுத்துக் குழாய் விட்டுத்தான் எடுக்க வேண்டும். விளையாடும்போது புரையேறி, அதன் பிறகு இருமல் விடவில்லை என்றால் அதை டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

நான்கு வயசு முடியும்வரை பாப்கார்ன், முழு நிலக்கடலை, முந்திரி, பொட்டுக்கடலை, கெட்டி உருண்டை எதுவும் வேண்டாம். கடைவாய்ப் பல் முளைத்தாலும் அரைத்துத் தின்னும் பழக்கம் சரியாக வருவதில்லை. கடலையைப் பொடித்துக் கஞ்சியில் கலந்து கொடுக்கலாம். பெரிய பிள்ளைகளும் உட்கார்ந்து தின்னட்டும். ஓட்டமும் சிரிப்பும் அப்புறம்.

அப்படியும் அடைத்துக் கொண்டால், குழந்தை சத்தமாக இருமுகிறதா, அழுகிறதா என்று பாருங்கள். இருமினால் இருமட்டும், தட்ட வேண்டாம். சத்தமே வராவிட்டால்தான் ஆபத்து. ஒரு வயசுக்கு மேற்பட்ட பிள்ளையை முன்பக்கம் குனியவைத்து, மதினி செய்தது போல ஐந்து தட்டு. வெளியே வரவில்லையானால் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே ஒரு கையை முஷ்டியாக வைத்து, மறு கையால் அதைப் பிடித்து, உள்ளேயும் மேலேயுமாக ஐந்து முறை வெடுக்கென்று இழுக்க வேண்டும். மாற்றி மாற்றி இப்படியே செய்ய வேண்டும். ஒரு வயசு நிறையாத குழந்தைக்கு வயிற்றை அமுக்கவே கூடாது. முன்கையில் குப்புறப் படுக்கவைத்து முதுகில் ஐந்து தட்டு, பிறகு திருப்பி நெஞ்செலும்பின் நடுவில் இரண்டு விரலால் ஐந்து அமுக்கு. கண்ணுக்குத் தெரியாததை விரலால் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே தள்ளிவிடும். காலைப் பிடித்துத் தலைகீழாக உலுக்கவும் வேண்டாம். இதற்குள் ஒருவர் 108-ஐக் கூப்பிட வேண்டும். பிள்ளை தேறி விட்டாலும் டாக்டரிடம் காட்டி விடுங்கள். ஒரு பொம்மையை வைத்து இரண்டு தடவை செய்து பார்த்தால் கைக்குப் பழகி விடும்.

மகளின் நோட்டுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் எழுதி முடித்தவள், "பாப்கார்ன் பொரிச்சுப் பார்ப்போமே" என்றாள். அடி கனமான பாத்திரத்தில் எண்ணெய் விட்டு, முதலில் இரண்டே மணி போட்டேன். அவை வெடித்ததும் மீதியைப் போட்டு மூடினேன். (சாதாரண மக்காச்சோளம் இப்படிப் பொரியாது. இது கெட்டித் தோல் உள்ள தனி ரகம்.) ஒவ்வொரு மணிக்குள்ளும் நூற்றுக்குப் பதினாலு பங்கு ஈரம் இருக்குமாம். 180 டிகிரி சூட்டில் அது ஆவியாகித் தோலைக் கிழித்துக்கொண்டு வரும். சத்தத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே இரண்டு விநாடி ஆனால் அடுப்பை அணைத்து விட வேண்டும்.

அடியில் பத்துப் பன்னிரண்டு மணி வெடிக்காமலே கிடந்தது. தோலில் கீறல் இருந்தாலும், ஈரம் காய்ந்து போனாலும் வெடிக்காது. மகள் கைபேசியைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, இதுக்கு அமெரிக்காவுல என்ன பேரு தெரியுமா? 'ஓல்டு மெய்டு'! அப்படின்னா..." என்றவள் சட்டென்று நிறுத்தினாள். முதிர்கன்னி.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக் கொள்வதென்று தெரியவில்லை. தட்டைக் கழுவுகிற சாக்கில் திரும்பிக் கொண்டேன். என் பிள்ளைக்கு இரண்டாவது உயிர் கொடுத்தவர்களைப் பார்த்து, என் வீட்டு அடுப்படியில் வைத்தா இந்தச் சொல்?

மதினி பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்தார்கள். பாதி விரிந்து நின்ற ஒரு மணியைப் பொறுக்கி வாயில் போட்டுக் 'கடுக்'கென்று கடித்தார்கள்.

"நோட்டுல எழுதிட்டியாட்டி?"

"வேண்டாம் அத்தை."

"ஏன் வேண்டாம்? அதுவும் அந்தச் சொல்லோட சேர்ந்ததுதான? எழுது. எழுதிட்டு உப்பு டப்பாவ எடு. இதுல உப்பே இல்ல."