பாடி தொழில் வட்டாரத்தில் காது, மூக்கு, தொண்டை நோய்களை இனங்காணலும் கையாளலும்: இரைச்சல்வழிச் செவித்திறன் இழப்பை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

'காது சரியாகக் கேட்கவில்லை' என்னும் ஒரே முறையீட்டின் பின்னால் நீக்கத்தக்க அடைப்பு, குணப்படுத்தத்தக்க நோய், மீளாத இழப்பு ஆகிய மூன்று நிலைகளுள் ஏதேனும் ஒன்று மறைந்திருக்கலாம். தொழிற்சாலைகள் செறிந்த பாடிப் பகுதியைக் களமாகக் கொண்டு, இம்மூன்றையும் பிரித்தறியும் வழிகளையும், இரைச்சலால் நேரும் இழப்பை உரிய காலத்தில் இனங்காண்பதன் இன்றியமையாமையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பாடி, செவித்திறன் இழப்பு, இரைச்சல், குறும்பி, குரல் கம்மல், தொழில்வழி நோய்.

முன்னுரை

தேவாரப் பாடல்பெற்ற திருவலிதாயம் அமைந்துள்ள பாடி, 1960களில் தொழில் ஊராக உருமாறியது. லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா முதலிய வாகன உதிரிப்பாக நிறுவனங்கள் இங்கு வேரூன்றின. 1964இல் அண்மையிலேயே அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவாயிற்று. இவற்றைச் சார்ந்து லேத், பிரஸ், கிரைண்டிங் வேலைகள் நடைபெறும் சிறு பட்டறைகளும் பெருகின. உலோகத்தை அடித்தும் வெட்டியும் தேய்த்தும் செய்யும் இத்தகைய தொழில்கள் எந்நாட்டிலும் பேரிரைச்சல் மிக்கவை. எனவே, இவ்வட்டாரத்தில் காது, மூக்கு, தொண்டை நோய்களைப் பொதுவான உடல்நலக் குறைகளாக மட்டும் கொள்ளாமல், உழைப்புச் சூழலோடு பொருத்திக் காணவேண்டியுள்ளது.

முறையீடும் நோயும்

மக்கள் வழக்கில் காது அடைப்பு, காது குடைச்சல், காதில் சீழ் வடிதல், காது இரைச்சல், காது மந்தம் எனச் சொற்கள் பல உள்ளன. இவை ஒரு பொருள் குறித்த பல சொற்கள் அல்ல. வெவ்வேறு நோய்நிலைகளைச் சுட்டுபவை.

குளித்தபின் திடீரெனக் காது அடைத்துக்கொண்டால், நீரில் ஊறிப் பருத்த குறும்பி காரணமாக இருக்கலாம். மருத்துவர் அதனை எளிதில் அகற்றுவார். பட்ஸ், ஊக்கு, தீக்குச்சி ஆகியவற்றால் குடைவது குறும்பியை உள்ளே தள்ளுவதோடு செவிப்பறையையும் கிழிக்கக்கூடும். குடைச்சலும் அரிப்பும் புறச்செவியில் பூஞ்சை படர்ந்ததன் அடையாளமாக இருக்கலாம்.

சீழ் வடிதல் பெரும்பாலும் நடுச்செவி நோயைக் குறிக்கும். மூக்கின் பின்பகுதியை நடுச்செவியோடு இணைக்கும் யூஸ்டேகியன் குழல் வழியே சளித் தொற்று காதை எட்டுகிறது. குழந்தைகளுக்கு இக்குழல் குட்டையாகவும் கிடைமட்டமாகவும் இருப்பதால், சளிபிடித்தபின் காதுவலி வருவது மிகுதி. சீழ் வடியும் காதில் எண்ணெய் ஊற்றுதல் தீங்கு பயக்கும். காதை உலர்வாக வைத்து மருத்துவம் பெறுவதே முறை. நாட்பட்ட நிலையில் செவிப்பறைத் துளையை அறுவை மருத்துவத்தால் மூடலாம்.

இவ்விரு நிலைகளிலும் ஒலி செல்லும் வழியே தடைப்படுகிறது. பொதுவாக உட்செவி கெடுவதில்லை. 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைக் காதுக்கு எதிரிலும் காதின் பின்புற எலும்பிலும் மாறிமாறி வைத்து மருத்துவர் இவ்வேறுபாட்டை அறிகிறார்.

இரைச்சல்வழி இழப்பு

மூன்றாம் நிலை முற்றிலும் வேறானது. காக்ளியா எனப்படும் நத்தைச்சுருளில் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் உள்ளன. தொடர்ந்த பேரொலியால் அழியும் இவ்வணுக்கள் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. இதில் வலியோ சீழோ இல்லை. ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது காது மந்தமாகி, மறுநாள் காலை தெளிந்துவிடுகிறது. தெளிந்துவிடுவதாலேயே உழைப்பாளர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால், நாள்தோறும் நிகழும் இத்தற்காலிக மந்தமே நாளடைவில் நிலைத்த இழப்பாகிறது.

தொடக்கத்தில் 4000 ஹெர்ட்ஸ் அளவிலான உயர் அதிர்வெண் ஒலிகளே குறைகின்றன. மொழியியல் நோக்கில் இது கருதத்தக்கது. சொல்லின் உரப்பைப் பெரிதும் தருபவை உயிரொலிகள். பொருள் வேறுபாட்டைக் காட்டுவதில் மெய்யொலிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. சகரம் போன்ற உரசொலிகளும் வல்லின மெய்களின் நுட்பங்களும் உயர் அதிர்வெண்களைச் சார்ந்தவை. ஆகவே நோயாளி, 'பேசுவது கேட்கிறது. என்ன பேசுகிறார்கள் என்பது புரியவில்லை' என்கிறார். இக்கூற்றைக் கவனக்குறைவாகவோ முதுமையாகவோ குடும்பத்தார் கொள்ளும்போது நோய் இனங்காணப்படாமல் போகிறது. இதனோடு காது இரைச்சலும் சேர்ந்தால் உடனே செவித்திறன் சோதனை தேவை. இரைச்சலிலிருந்து குறைந்தது 14 மணி நேரம் விலகியிருந்தபின் செய்யும் சோதனையே நிலைத்த இழப்பைத் தெளிவாகக் காட்டும்.

மூக்கும் தொண்டையும்

தூசும் புகையும் தொடர்தும்மல், மூக்கடைப்பு ஆகியவற்றைத் தூண்டலாம். மூக்கடைப்பு நீங்கச் சொட்டுமருந்தை ஒரு வாரத்திற்கு மேல் தாமாகவே பயன்படுத்தினால் அடைப்பு மேலும் பெருகும். மூக்கில் குருதி வடிந்தால் தலையை முன்புறம் சாய்த்து, மூக்கின் மென்பகுதியை 10 முதல் 15 நிமிடங்கள் அழுத்திப் பிடிக்கவேண்டும். தலையை அண்ணாத்துதல் தவறு.

எந்திர ஓசையை மீறிக் கத்திப் பேசுவதால் குரல்நாண் தடித்துக் குரல் கம்முவதுண்டு. கம்மல் மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால், குறிப்பாகப் புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள், குரல்வளைச் சோதனை செய்துகொள்ளவேண்டும். புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் அது இருக்கக்கூடும். அவ்வாறே, ஒரு காது திடீரெனக் கேளாமல் போவது அவசர நிலையாகும். முதல் சில நாள்களுக்குள் மருத்துவம் தொடங்கினால் செவித்திறன் மீளும் வாய்ப்பு கூடுதல்.

தடுப்பும் சட்டமும்

இந்தியத் தொழிற்சாலை விதிகளின்படி 90 டெசிபலில் 8 மணி நேரம், 95 டெசிபலில் 4 மணி நேரம், 100 டெசிபலில் 2 மணி நேரம் என வரம்பு வகுக்கப்பட்டுள்ளது. கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச நேர்ந்தால், அவ்விடம் காதுக்குத் தீங்கானது என்பது எளிய அளவுகோல். எந்திரத்தின் ஒலியைக் குறைப்பதே முதல் தடுப்பு; காதடைப்பான் அதற்கு அடுத்தது.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் மூன்றாம் அட்டவணையில் இரைச்சல்வழிச் செவித்திறன் இழப்பை அறிவிக்கப்படவேண்டிய நோயாகக் குறித்திருந்தது; 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் தன் மூன்றாம் அட்டவணையில் அவ்வாறே குறித்துள்ளது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமும் அதனைத் தொழில்வழி நோயாக ஏற்றிருந்தது. பணியில் சேரும்போது செய்த சோதனையின் பதிவு இல்லையெனில், இழப்பு தொழிலால் நேர்ந்தது என மெய்ப்பிப்பது கடினம். ஒப்பந்த முறையில் பட்டறை மாறிக்கொண்டே இருப்போர் இதனால் பெரிதும் பாதிக்கப்படுவர். சோதனைச் சீட்டை உழைப்பாளரே தம்மிடம் வைத்திருத்தல் நலம். அயனாவரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையும் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இவ்வட்டாரத்தார் எளிதில் அணுகத்தக்கவை.

நிறைவுரை

அடைப்பை அகற்றலாம்; சீழை ஆற்றலாம்; இரைச்சலால் இழந்த செவித்திறனை மீட்க இயலாது. காதொலிக் கருவி துணைபுரியுமேயன்றி இழந்ததை மீட்டுத் தராது. வலிக்கும் நோய்க்கு மருத்துவரை நாடும் வழக்கம் உள்ளது. வலியின்றி வரும் இவ்விழப்பை வெளிப்படுத்துவன நோயாளியின் சொற்களே. 'கேட்கிறது, புரியவில்லை' என்னும் கூற்றை ஒரு நோய்க்குறியாகக் கொள்ளும் விழிப்புணர்வு குடும்பத்திலும் பணியிடத்திலும் பரவவேண்டும். தமிழில் நலவாழ்வுச் சொற்களைத் தொகுப்போர் இத்தகைய வழக்குகளையும் நோய்நிலைகளோடு இணைத்துப் பதிவுசெய்தல் பயனுடையதாகும்.