வீடு என்னும் உடுப்பு – 6: உள்ளிருந்து வரும் மழை

மரநாரைப் பலகையாக அழுத்தும் ஆலையோடு சென்ற வாரம் நிறுத்தினோம். அந்தப் பலகை இப்போது குளிரைத் தடுக்கக் கூரை ஏறுகிறது. இடம் ஜெர்மனியின் பவேரியா. ஜனவரி மாத இரவு. வெளியே மைனஸ் 10 டிகிரி, உள்ளே 20.

ஓட்டுக் கூரை என்றதும் நமக்கு ஒழுகல்தான் நினைவுக்கு வரும். அங்கே கைமரங்களுக்குப் பெரிய பகை மேலே விழும் பனியல்ல, கீழே அடுப்பில் கொதிக்கும் சூப்பு. சமையல், குளியல், துணி உலர்த்துவது, மூச்சு எல்லாம் சேர்ந்து நான்கு பேர் வாழும் வீட்டில் நாளொன்றுக்குச் சுமார் 10 லிட்டர் தண்ணீர் காற்றில் ஆவியாகக் கலக்கிறது. 20 டிகிரிக் காற்று கனமீட்டருக்கு 17 கிராம் வரை நீராவியைத் தாங்கும். மைனஸ் 10-இல் தாங்குவது இரண்டு கிராமுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். மிச்சம் எங்கே போகும்? கைமரங்களுக்கு இடையே அடைத்த மரநாரின் குளிர்ந்த பக்கத்தில் போய்த் தங்கும்.

இதே வேலைக்கு அடைக்கும் கண்ணாடி இழை நீரைத் தனக்குள் வாங்காது. மரநார் வாங்கும், பரவவிட்டு, மெல்லத் திருப்பித் தரும். கடைக்காரர்கள் இந்தக் குணத்தைச் சொல்லித்தான் விற்கிறார்கள். ஆனால் மரத்தின் ஈரம் அதன் உலர் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டி நீடிக்கக் கூடாது. 30-ஐ நெருங்கினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

உட்புறம் பிளாஸ்டிக் தாள் ஒட்டி அடைத்துவிட்டால் என்ன? பல காலம் அப்படித்தான் செய்தார்கள். வயர் நுழையும் ஓட்டையிலும் தாள்கள் சேரும் இடத்திலும் கசிகிற காற்றோடு ஈரம் எப்படியும் உள்ளே போனது. திரும்பி வரத்தான் வழியில்லை. ஓட்டுக் கூரை பிழைத்துக்கொள்ளும், ஓட்டுக்கு அடியில் நீராவியை வெளியே விடும் பலகை உண்டு. மேலே தார்த்தாள் ஒட்டிய தட்டைக் கூரைதான் இரு பக்கமும் மூடிய டப்பா.

மியூனிக்குக்குத் தெற்கே ஹோல்ட்ஸ்கிர்ஹென் என்றோர் ஊர். பெயரைப் பிரித்தால் மரமும் தேவாலயமும் வரும். அங்குள்ள ஃபிரௌன்ஹோஃபர் கட்டட இயற்பியல் நிலையத்தில் 1990களில் நைலான் வகைத் தாள் ஒன்றை உருவாக்கினார்கள். காய்ந்திருக்கும்போது, 4 மீட்டருக்கு மேல் தடித்த அசையாக் காற்று எவ்வளவு தடுக்குமோ அவ்வளவு நீராவியைத் தடுக்கும். நைலான் தானும் கொஞ்சம் ஈரம் குடிக்கும். குடித்துவிட்டால் தடை அரை மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையின் காற்று வறண்டிருப்பதால் தாள் இறுக்கமாகவே இருக்கிறது. கோடை வெயில் கூரையைச் சுடும்போது மரநாரிலுள்ள ஈரம் உள்நோக்கி வந்து தாளை நனைக்க, அது இளகி வழிவிடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை. தட்டைக் கூரையைக் காயவைப்பதே வெயில்தான். அதன்மேல் சரளை கொட்டினாலோ, புல் வளர்த்தாலோ, சோலார் தகடு நிறுத்தினாலோ வெயில் மறைந்து காய்வது குறையும். சுற்றுச்சூழலுக்கு நல்லதென்று ஏற்றிய தோட்டமே கீழுள்ள மரத்தை மக்க வைக்கலாம்.

டிஐஎன் 68800 என்ற ஜெர்மானிய மரப் பாதுகாப்புத் தரவிதி, ஈரக் கணக்கை எளிய முறையில் போடுகிறவர்களிடம் கூரைக்குச் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 250 கிராம் கூடுதலாகக் காயும் திறனைக் கையிருப்பாகக் கேட்கிறது. ஓட்டை ஒடிசல் வழியே எப்படியும் நுழைந்துவிடும் ஈரத்துக்கான ஒதுக்கீடு அது. தச்சரின் கைப்பிசகைக் கிராம் கணக்கில் எடைபோட்டு வைத்த அந்த விதிமேல் எனக்குத் தனிப் பிரியம்.

அந்த ஓட்டைகளைத் தேட வாசற்கதவில் ராட்சத மின்விசிறி மாட்டும் ஆட்களை அடுத்த வாரம் பார்ப்போம்.