குறைந்த செலவில் சத்தான தீவனம்: கணக்கு காட்டும் வழி

தாம்பரம் மாநகராட்சிக்குட்பட்ட அஸ்தினாபுரம் போன்ற பகுதிகளில் வீடுகள் பெருகி மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. இங்கு மாடு வளர்ப்போருக்குத் தவிடும் புண்ணாக்கும் கடைச் சரக்கே. பால் உற்பத்திச் செலவில் பெரும்பங்கு தீவனத்துக்கே போவதால், கலவையில் மிச்சமாகும் ஒவ்வொரு ரூபாயும் இலாபமே.

100 கிலோ கலவையில் 20 கிலோ புரதம் வேண்டும் என்போம். மக்காச்சோளத்தில் 9 சதம், கடலைப் புண்ணாக்கில் 42 சதம் புரதம் இருப்பதாகக் கொண்டால், சோளம் ஏறத்தாழ 67 கிலோ, புண்ணாக்கு ஏறத்தாழ 33 கிலோ வரும். இரண்டே பொருள் என்பதால் இதைக் கையால் போட்டுவிடலாம். தவிடு, பொட்டு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு எனப் பொருள்கள் கூடி, விலையும் மாறிக்கொண்டே இருந்தால் மனக்கணக்கு உதவாது.

இத்தகைய கணக்குக்கு 'நேரியல் திட்டமிடல்' என்று பெயர். 1945-ல் அமெரிக்கப் பொருளியலாளர் ஸ்டிக்ளர், 77 உணவுகளிலிருந்து ஒரு மனிதனுக்கான மலிவான சத்துணவைத் தேடினார். 1947-ல் டான்ட்சிக் 'சிம்ப்ளக்ஸ்' முறையை உருவாக்கினார். ஸ்டிக்ளரின் கணக்கை அம்முறையில் போட்டுப் பார்க்க, ஒருவர் செய்தால் 120 நாள் பிடிக்கும் வேலை தேவைப்பட்டது. இன்று கணினிக்கு ஒரு நொடி போதும்.

செய்முறை:

1. எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் கால்க்கில் பொருளின் பெயர், கிலோ விலை, புரதம், செரிக்கும் மொத்தச் சத்து ஆகியவற்றை எழுதவும்.

2. 'சால்வர்' வசதியில், மொத்தச் செலவு குறைய வேண்டும் என்று குறிக்கவும்.

3. வரம்புகளைத் தரவும்: மொத்தம் 100 கிலோ, புரதம் 20 கிலோவுக்குக் குறையக்கூடாது, தாது உப்பு 2 கிலோ, சாதா உப்பு 1 கிலோ, எந்த அளவும் பூச்சியத்துக்குக் கீழே போகக்கூடாது.

வரம்புகளில்தான் கவனம் வேண்டும். தவிட்டுக்கு உச்ச அளவு சொல்லாவிட்டால், மலிவு என்பதற்காகக் கணினி தவிட்டையே அள்ளிப் போட்டுவிடும். பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கையும் அது அறியாது. அதை ஒதுக்குவது வளர்ப்பவர் பொறுப்பு. புதிய கலவைக்கு ஒரு வாரம் முதல் பத்து நாளில் சிறிது சிறிதாக மாற்றவும்.

கணினி இல்லாதோர், தாம்பரத்துக்குத் தெற்கே காட்டுப்பாக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில், தம் ஊர் விலைப்பட்டியலுடன் ஆலோசனை கேட்கலாம்.