கடலே சிறையான கதை

சிறை தப்பும் கதை எந்நாட்டார்க்கும் உவப்பானது. தமிழ்த் திரையில் அவ்வகைக்கு நாம் முதலில் சுட்டுவது, பி.ஆர்.பந்துலு இயக்கி 1965இல் வெளிவந்த 'ஆயிரத்தில் ஒருவன்'. ஆங்கிலக் 'கேப்டன் பிளட்' கதையின் சாயல் அதில் உண்டு. ஆயினும் அது நம் படமாகவே நிற்கிறது.

எம்.ஜி.ஆர். ஏற்ற மணிமாறன் ஒரு மருத்துவன். காயமுற்ற கிளர்ச்சிக்காரர்க்கு மருந்திட்டதே அவன் குற்றம். அதற்காக நாடு கடத்தப்பட்டுக் கன்னித்தீவில் அடிமையாக விற்கப்படுகிறான். அங்கு கடலே மதில். தான் மட்டும் பிழைத்தால் போதுமென்று அவன் எண்ணுவதில்லை. உடன் விலைபோனவர் அனைவரின் விடுதலையையும் நாடுகிறான். கண்ணதாசன் இயற்றிய பறவைப் பாட்டு, தனிக்குரலாய் நில்லாமல் கூட்டத்தின் குரலாய் ஒலிப்பது இதனாற்றான் போலும். தீவு நீங்கியோர் கடற்கொள்ளையர் பிடியில் சிக்குகின்றனர். ஒரு சிறையின் வாயில் மறு சிறைக்குள் திறக்கிறது. சிறைப்படங்கள் பல, தப்பியவுடன் முடிந்துவிடும். இப்படமோ அதன்பின்னரும் விடுதலை எதுவென வினவுகிறது. 2014இல் மறுபடி திரையிட்டபோது சென்னையில் வெள்ளிவிழாக் கண்டமைக்கு நாயகனின் புகழ் மட்டுமே காரணமன்று என்பது நம் கருத்து.

சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தில் படமாக்கப்பட்ட 'இதயக்கனி'யையே (1975) நம் மாவட்டத்தார் பெருமையுடன் கூறுவர். அது இயல்பே. எனினும் இம்மண்ணுக்கு நெருங்கியது அடிமைகளின் கதைதான். 1622-23ஆம் ஆண்டுகளில் டச்சுக் கம்பெனியார் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து மக்களை அடிமைகளாக வாங்கி, இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினர். அத்தேவனாம்பட்டினம் கடலூர்ப் பேருந்து நிலையத்திலிருந்து சிறிது தொலைவே.