பனியில் நின்ற மின்சாரக் கார்

ரொறொன்ரோவிலிருக்கும் ராத்தா மின்சாரக் கார் வாங்கியதும் உம்மா கேட்டது: “பனிக்குள்ள நடுவழியில நிண்டா புள்ளைகள் விறைச்சுப் போகாதா?” தம்பிலுவில் வெயிலில் இருந்து நான் விடை தேடினேன்.

அந்தப் பயம் வீணல்ல. 2022 ஜனவரி 3ஆம் திகதி அமெரிக்காவின் வேர்ஜினியாவில் பனிப்புயலால் ஐ-95 நெடுஞ்சாலை முடங்கியபோது, பலர் 24 மணித்தியாலத்துக்கும் மேலாக வாகனங்களுக்குள்ளேயே சிக்கியிருந்தனர்.

பெற்றோல் காரின் உட்புறத்தை எஞ்சினின் கழிவு வெப்பமே சூடாக்குகிறது. மின்மோட்டரில் வீணாகும் வெப்பம் குறைவு. ஆகவே பெற்றரியே சூட்டையும் தரவேண்டும். பெற்றரியில் 40 அலகு (நம் மின்பட்டியலில் வரும் அதே அலகுதான்) மீதமிருந்து, வெப்பமூட்டி மணிக்கு 2 அலகு எடுத்தால் 20 மணித்தியாலம் தாங்கும். இருக்கையை மட்டும் சூடாக்கினால் இன்னும் நீளும்.

நிற்கும் பெற்றோல் காரின் புகைக்குழாயைப் பனி மூடினால், காபனோரொட்சைட்டு உள்ளே புகுந்து உயிரைப் பறிக்கலாம். மின்சாரக் காரில் அந்த ஆபத்தில்லை.

ஆனால் கடுங்குளிரில் பெற்றரியின் இரசாயனத் தாக்கம் மந்தமாகும். சார்ஜ் ஏறவும் தாமதமாகும். 2024 ஜனவரியில் சிக்காகோவின் சார்ஜ் நிலையங்களில் கார்கள் நீண்ட வரிசையில் முடங்க இதுவும் ஒரு காரணம். 10 அலகோடு புறப்பட்டவருக்கு 20 மணித்தியாலம் 5 ஆகிவிடும்.

கணக்கை உம்மாவிடம் காட்டினேன். உடனே ராத்தாவுக்குக் குரல்செய்தி போனது: “சார்ஜ நிரப்பிட்டு வெளிக்கிடு மகள். போர்வையும் எடு.”