மண்ணுக்குள் இறங்கும் பச்சைக் கம்பி

பழைய வீடுகளின் சுவரோரமாகப் பச்சைக் கம்பி ஒன்று இறங்கி மண்ணுக்குள் மறைவதைக் கண்டிருப்பீர்கள். அதுவே பிரதான புவிக்கம்பி. பழையவர்கள் ‘ஏழு இருபத்தொன்பது’ என்று சொல்லும் வயராகவும் அது இருக்கலாம். 0.029 அங்குல விட்டமுள்ள ஏழு செப்பு இழைகள்; மொத்தக் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 3 சதுர மில்லிமீற்றர்.

இது போதுமா? மெல்லிய கம்பிக்குத் தடை கூட, ஆகவே போதாது என்று பௌதிகவியல் படிக்கும் எவரும் உடனே சொல்லிவிடுவோம். கணக்குப் போட்டால் கதை வேறு. 10 மீற்றர் நீளமுள்ள அக்கம்பியின் தடை 0.06 ஓமுக்கும் குறைவு. நம் நாட்டில் ஒவ்வொரு வீடும் தனக்கென ஒரு புவிக்கோலை மண்ணில் நாட்டிக்கொள்கிறது. அந்தக் கோலுக்கும் மண்ணுக்கும் இடையிலான தடையோ பல பத்து ஓம்கள் வரை போகும். மண் காய்ந்தால் இன்னும் கூடும்.

50 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ற்றை 50ஆல் வகுத்தால் 4.6 அம்பியர். 15 அம்பியர் உருகி இதற்கு அசையாது. பழுதான தண்ணீர்ப் பம்பியின் உலோக உடல் மின்னேறியபடியே நிற்கும். கம்பியை மூன்று மடங்கு தடிப்பாக்கினாலும் விடை மாறாது. 30 மில்லி அம்பியர் கசிந்ததுமே மின்னைத் துண்டிக்கும் ‘ட்ரிப் சுவிட்ச்’தான் அங்கே உயிர் காக்கும்.

பிறகேன் தடித்த கம்பி? மண்வெட்டிக்கும் துருவுக்கும் தாக்குப்பிடிக்க. இங்கும் பின்பற்றப்படும் பிரித்தானிய விதிகளின்படி (பிஎஸ் 7671), மேற்பாதுகாப்பில்லாமல் மண்ணில் புதைக்கும் செப்புக் கம்பி உறையிட்டதாயின் குறைந்தது 16, அரிப்புக்கு எதிரான உறையும் இல்லாவிட்டால் 25 சதுர மில்லிமீற்றர் இருக்க வேண்டும்.

மெல்லிய கம்பி மண்ணுக்குள் அறுந்தாலும் வீட்டில் எதுவும் நின்றுவிடாது. விளக்கெரியும், மின்விசிறி சுழலும். ஆனால் அறுந்த பிறகு பம்பியில் பழுது வந்தால், புவிக்கம்பியால் இணைந்த எல்லா உலோக உடல்களிலும் மின் ஏறும், குசினியிலுள்ள குளிர்சாதனப் பெட்டி உட்பட. கசிவு போக வழியில்லாததால் ட்ரிப் சுவிட்சும் சும்மாவே இருக்கும். ஸுபஹுக்கு வுழூச் செய்துவிட்டு ஈரக் கையோடு அதைத் தொடுபவரின் உடல்தான் மண்ணுக்கான முதல் வழி. அந்த அதிர்ச்சிக்குப் பிறகே சுவிட்ச் விழும். சுவிட்சே இல்லாத வீட்டில் அதுவுமில்லை.

சுவிட்சிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்துத் திருப்திப்படவும் முடியாது. அது சுவிட்சின் இயக்கத்தை மட்டுமே சோதிக்கும்; புவிக்கம்பி அறுந்திருந்தாலும் விழும். கம்பியையும் கோலையும் அறிய, மின்னியலாளர் ஒருவர் மானி வைத்து அளக்கத்தான் வேண்டும்.