நெல்லு நோய் ராகிக்குத் தாவுமா?



போன கார்த்திகை மாதம் எங்கள் நெல் வயலில் குலை நோய் வந்தது. முதலில் இலையில் கண் மாதிரி புள்ளிகள், நடுவில் சாம்பல் நிறம். பிறகு கதிரின் கழுத்து கறுத்து, பாதிக்கு மேல் பதராகிவிட்டது. அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்போதுதான் பக்கத்து வயல் பெரியப்பா வரப்பில் நின்று கேட்டார்: "ஏம்பா, நீ சயின்ஸ் குரூப்புதானே? உங்க நெல்லு நோயி என் ராகிக்கும் தாவிடுமா?"

எனக்குப் பதில் தெரியல. உயிரியல் ஆசிரியரிடம் கேட்டும், நூலகத்தில் படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

பெரியப்பாவின் பயம் நியாயமானதுதான். நெல்லுக்கும் ராகிக்கும் குலை நோய் தருவது ஒரே இனப் பூஞ்சை. பெயர் மேக்னபோர்தே ஒரைசே. ஆனால் அதற்குள் பல பிரிவுகள் உண்டு. நெல்லைத் தாக்கும் பிரிவு பொதுவாக ராகியைத் தாக்குவதில்லை. ராகிப் பிரிவும் அப்படியே. ஏன்?

ஒரு திருடனை நினைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் திருட அவனுக்கு டார்ச் லைட் வேண்டும். ஆனால் அந்த வெளிச்சமே அவனைக் காட்டிக் கொடுத்துவிடும்! பூஞ்சையும் செடியின் எதிர்ப்பை அடக்கப் பல புரதங்களைச் செடிக்குள் அனுப்புகிறது. அவைதான் டார்ச். அதில் ஒன்றை அடையாளம் காணும் ஜீன் செடியில் இருந்தால், அது வீட்டு நாய் மாதிரி உடனே குரைக்கும். பூஞ்சை நுழைந்த இடத்துச் செல்களைச் செடி தானே சாகடித்து, நோய் பரவாமல் தடுத்துவிடும்.

இந்தப் பூஞ்சையின் மரபுத் தொகுதியை 2005-ல் வெளியிட்டார்கள். 7 குரோமோசோம்கள், சுமார் 4 கோடி எழுத்துகள். அதில் இடம் விட்டு இடம் தாவும் துண்டுகளும் நிறைய. அப்படி ஒரு துண்டு புரத ஜீனுக்குள் போய் விழுந்தால் அந்த ஜீன் கெட்டுவிடும். நமக்கு அது நஷ்டம் மாதிரி தெரியும். பூஞ்சைக்கோ லாபம்! டார்ச்சைத் தொலைத்த திருடனை நாய் பார்க்காது அல்லவா?

இது கற்பனை இல்லை. கோதுமைக்குக் குலை நோய் முதன்முதலில் 1985-ல் பிரேசில் நாட்டின் பரானா மாநிலத்தில் காணப்பட்டது. அதன் காரணத்தை ஜப்பானின் கோபே பல்கலைக்கழக விஞ்ஞானிகள் மற்றவர்களோடு சேர்ந்து ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள். அங்கே 'அனாஹுவாக்' என்ற கோதுமை ரகத்தைப் பரவலாகப் பயிரிட்டிருந்தார்கள். அந்த ரகத்தில் ஒரு காவல் ஜீன் இல்லை. அதாவது, நாய் இல்லாத வீடு! புல் வகைகளில் வாழ்ந்த பூஞ்சை அதில் குடியேறியது. அங்கே பெருகிய பிறகு, டார்ச் ஜீன் கெட்டுப்போன பூஞ்சைகள் தோன்றின. அவை காவல் ஜீன் உள்ள கோதுமையையும் தாக்கின. 2016-ல் இந்த நோய் வங்கதேசத்தில் சுமார் 15,000 ஹெக்டேர் கோதுமையைத் தாக்கியது. அந்தப் பூஞ்சை தென் அமெரிக்காவிலிருந்து வந்தது என்பதை அதன் மரபுத் தொகுதியே சொல்லிவிட்டது. 2018-ல் ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவிலும் கண்டார்கள்.

இதில் எனக்குப் புரிந்தது ஒன்று. பூஞ்சைக்குப் புதுப் பயிருக்கான வாசலைத் திறந்துவிட்டது, ஊரெல்லாம் விதைத்த ஒரே ரகம்தான்.

பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன்: "இப்போ பயப்பட வேண்டாம் பெரியப்பா. நெல்லு நோயி பொதுவா ராகிக்கு வராது. ஆனா என்னைக்குமே வராதுன்னு சொல்ல முடியாது." அவர் சிரித்துவிட்டு, "அப்போ ராகிக்குன்னு தனியா ஒண்ணு இருக்குதுங்கறே, அதையும் பார்த்துக்கணும்" என்றார். உண்மைதான்!

அப்பா இந்த வருடம் ஒரே ரகம் போடாமல், குலை நோயைத் தாங்கும் ரகம் ஒன்றையும் சேர்த்து இரண்டு ரகம் விதைத்திருக்கிறார். யூரியாவையும் குறைத்துவிட்டார். தழைச்சத்து அதிகமானால் குலை நோய்க்குக் கொண்டாட்டம்.

நண்பர்களே, உங்கள் வீட்டு வயலில் எத்தனை ரகம்? இன்று மாலை வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

- பதினொன்றாம் வகுப்பு, 'அ' பிரிவு